கம்பைலரின் கண் – 11: 24,855 கன அடி வரை

மேட்டூர் அணையின் நீர்மட்டம் 134 அடி என்று ஒரு நாள் நாளிதழில் அச்சாகியிருந்தால், தஞ்சாவூர்ப் பக்கத்து டீக்கடையில் அதைப் படிக்கிற யாரும் நம்பமாட்டார்கள். "104-ஐத்தான் தப்பாப் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இந்த இரண்டு எண்ணும் டெல்டாக்காரர்களுக்கு மனப்பாடம். இன்றைக்கு எத்தனை அடி என்று தெரியாதவருக்கும், எத்தனை அடியாக இருக்கவே முடியாது என்பது தெரியும்.

கம்பைலரும் இந்த அறிவைத்தான் தேடுகிறது. ஒரு நாளைக்கு 24 × 60 × 60 விநாடி என்று எழுதினால், நிரல் ஓடும்வரை காத்திராமல் 86,400 என்று அதுவே பெருக்கி வைத்துவிடுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே எண் முன்கூட்டியே தெரியும். நீர்மட்டமோ நெல்லின் ஈரமோ அப்படித் தெரியாது, நிரல் ஓடும்போதுதான் வந்து சேரும். ஆனாலும் அந்த எண் எதற்கும் எதற்கும் இடையில் இருக்கும் என்று கம்பைல் செய்யும்போதே கணக்கிட முடியும். இதற்கு மதிப்பு வரம்பு ஆய்வு என்று பெயர். ஐபிஎம்மைச் சேர்ந்த வில்லியம் ஹாரிசன் 1977-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

கொள்முதல் நிலையத்துக்கு ஒரு சின்ன நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைத் திருப்பிவிடு, இல்லையென்றால் எடை போடு. (மழை பெய்து நெல் நனைந்த வருஷங்களில் டெல்லியைக் கேட்டு 19, 20 என்று தளர்த்துவது வேறு கதை.) 'ஈரம்' என்ற மாறி எட்டு பிட் எண் என்றால், தொடக்கத்தில் அது 0 முதல் 255 வரை எதுவாகவும் இருக்கலாம். சோதனையைத் தாண்டி எடை போடும் கிளைக்கு வந்ததும் அது 0 முதல் 17 வரைதான். பட்டியல் போடும் பகுதியை எழுதியவர் வேறொருவராக இருப்பார். அவரும் ஜாக்கிரதையாக '17-க்கு மேலா?' என்று இன்னொரு முறை கேட்டிருப்பார். கம்பைலர் இரண்டு பகுதிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்துவிடுகிறது. கேள்வியையே எடுத்துவிடும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 17 என்கிற எல்லை 'ஈரம்' என்ற மாறியின் நிரந்தரச் சொத்தாகிவிடவில்லை. நிரலில் அந்த ஒரு கிளைக்குள் மட்டுமே அது செல்லும். வரம்பு ஆய்வில் கடந்த ஐம்பது ஆண்டுகளாக நடந்த முன்னேற்றம் பெரும்பாலும் எந்த எல்லை எந்த இடம்வரை செல்லும் என்பதைப் பிசகாமல் பிடித்து வைப்பதில்தான் இருக்கிறது.

லூப் வந்ததும் சிக்கலும் வருகிறது. மேட்டூரின் ஒவ்வொரு அடி மட்டத்துக்கும் எவ்வளவு தண்ணீர் என்று ஓர் அட்டவணையை அச்சிடுகிறோம். மட்டம் 0-வில் தொடங்குகிறது, சுற்றுக்கு ஒன்று கூடுகிறது. கம்பைலர் முதல் தடவை பார்க்கும்போது வரம்பு 0 மட்டும். அடுத்த தடவை 0 முதல் 1. பிறகு 0 முதல் 2. இப்படியே ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டு போனால் கம்பைலர் எப்போது வீடு திரும்புவது? பிரான்ஸின் பாட்ரிக் கூசோ, ராதியா கூசோ தம்பதியர் 1977-இல் முன்வைத்த கோட்பாட்டில் இதற்கு வழி இருக்கிறது. மேல் எல்லை ஏறிக்கொண்டே போகிறது என்று தெரிந்தவுடன் அதை ஒரே தாவலில் உச்சத்துக்குத் தள்ளிவிட வேண்டும். பிறகு லூப்பின் நிபந்தனையைக் கொண்டு கீழே இழுக்க வேண்டும். 'மட்டம் 120-க்கு மிகாதவரை' என்பது நிபந்தனையென்றால், லூப்புக்குள் வரம்பு 0 முதல் 120 வரை என்று நின்றுவிடும். இரண்டே நடையில் வேலை முடிந்தது.

இதனால் என்ன பயன்? ஜாவா போன்ற மொழிகள் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தைத் தொடும்போதும் 'எல்லைக்குள் இருக்கிறதா' என்று சோதிக்கும். அட்டவணையில் 121 கட்டங்கள் இருந்தால் அந்தச் சோதனை வீண். கம்பைலர் அதை நீக்கிவிடலாம். 0 முதல் 120 வரை 121 எண்கள் என்பதை மறந்து 120 கட்டங்கள் மட்டும் ஒதுக்கியிருந்தால் நீக்க முடியாது, நீக்கவும் கூடாது. சோதனையே இல்லாத சி மொழியில் இதே பிழையைச் செய்து, அன்றன்றைய மட்டத்துக்கு அட்டவணையைப் பார்க்கும் நிரல் ஒன்றை எழுதியிருந்தால், அணை நிரம்பாத நாளெல்லாம் அது ஒழுங்காக ஓடும். 2024-ஐ எண்ணிப் பாருங்கள். ஜூன் 12-இல் அணையைத் திறக்க முடியவில்லை. ஜூலை 28-இல்தான் திறந்தார்கள், 30-ஆம் தேதி மட்டம் 120-ஐத் தொட்டது. அந்த நிரல் ஜூலை 29 வரை நல்ல பெயர் எடுத்திருக்கும். வரம்பு ஆய்வு செய்யும் கருவிக்கு வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இனி இந்த வாரத்துத் தலைப்புக்கு வருகிறேன்.

அணையிலிருந்து விநாடிக்கு இத்தனை கன அடி வெளியேறுகிறது என்பது தெரியும். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு என்று அறிய 86,400-ஆல் பெருக்க வேண்டும். சி மொழியில் சாதாரண முழு எண்ணுக்கு இன்றைய கணினிகளில் 32 பிட். அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 214,74,83,647. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஆக, 93.47 டி.எம்.சி. கொள்ளும் அணையின் கணக்கை, இரண்டே கால் டி.எம்.சி.கூடக் கொள்ளாத பெட்டியில் வைக்கிறோம்.

குறுவைக்கு 12,000 கன அடி திறக்கும்போது ஒன்றும் ஆகாது. நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி.யைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 24,855 கன அடி வரை பெருக்கல் சரியாக வரும். 24,856-இல் உடையும். (இந்த 24,855-ஐ வேறெங்கோ பார்த்த நினைவு வந்தால் அது சரிதான். 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை 32 பிட்டில் எண்ணிக்கொண்டிருக்கும் கணினிகள் அத்தனை நாள் கழித்து, 2038 ஜனவரி 19-இல், தடுமாறப் போகின்றன. பெட்டியும் அதே, பெருக்கும் எண்ணும் அதே.) 25,000 கன அடி என்றால் விடை 'மைனஸ் 213 கோடி'யாக வரும். ஆடியில் காவிரி பெருகி ஒரு லட்சம் கன அடி போகிற நாளில் இன்னும் விசேஷம். எண் இரண்டு சுற்றுச் சுற்றிவந்து 5,00,65,408 என்று சாதுவாக நிற்கும். அது நாள் முழுக்க வெறும் 579 கன அடி ஓடியதற்குச் சமமான கணக்கு.

அனுபவமுள்ள நிரலாளர் இதை எதிர்பார்த்து, பெருக்கிய பிறகு 'மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் எச்சரி' என்று ஒரு வரி சேர்த்திருப்பார். ஒரு லட்சத்துக்கு அது உதவாது, 25,000-க்காவது உதவும் என்று நினைப்பார். அதற்கும் உதவாது. சி மொழியின் விதிப்படி குறியுள்ள எண் நிரம்பி வழிவது 'நடக்கக்கூடாத' விஷயம். நடக்காது என்று எடுத்துக்கொள்ளக் கம்பைலருக்கு உரிமை உண்டு. வெளியேற்றம் பூஜ்யத்துக்குக் குறையாது என்பது முன்பே ஒரு சோதனையில் தெரிந்துவிட்டது. குறையாத எண்ணை 86,400-ஆல் பெருக்கினால் விடையும் பூஜ்யத்துக்குக் குறையாது. ஆகவே எச்சரிக்கும் வரி ஒருநாளும் ஓடாது. கம்பைலர் அதை அழித்துவிடும். வரம்பு ஆய்வு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு சுத்தமாக அழிக்கும்.

இதைக் கம்பைலரின் அநியாயம் என்று திட்டுபவர்கள் நிறையப் பேர். எனக்குப் பாதி உடன்பாடு. விதி மொழியில் இருக்கிறது, கம்பைலர் அதன்படி நடக்கிறது. ஆனால் தன்னைக் காப்பாற்றுவதற்கென்றே ஒருவர் எழுதிய வரியை ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துவிடுவதை நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன். சரியான வழி, கேள்வியைப் பெருக்கலுக்கு முன்னால் கேட்பது: வெளியேற்றம் 24,855-ஐத் தாண்டுகிறதா? அல்லது முதலிலேயே 64 பிட்டுக்கு மாறிவிடுவது.

எல்லையை மனிதர்களே தப்பாகப் போட்டதற்கு ஊரறிந்த உதாரணம் ஏரியான் 5 ராக்கெட். 1996 ஜூன் 4-இல் கிளம்பி நாற்பது விநாடிக்குள் சிதறியது. கிடைவேகம் தொடர்பான ஒரு 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணித்தபோது அது கொள்ளவில்லை. அந்த இடத்துக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று யோசித்தே விட்டிருந்தார்கள். நிரல் ஏரியான் 4-க்கு எழுதப்பட்டது. அந்த ராக்கெட்டின் பாதையில் எண் அவ்வளவு பெரிதாகாது என்ற கணிப்பு சரியானதுதான். பாதை மாறியது, எல்லை மாறவில்லை. இன்று சி++ மொழியின் 2023 தரத்தில் 'இதை உண்மை என்று வைத்துக்கொள்' எனக் கம்பைலருக்குச் சொல்லவே தனிக் குறிப்பு இருக்கிறது. மட்டம் 120-ஐத் தாண்டாது என்று எழுதிவைத்துவிட்டு, வெள்ளத்தில் அது ஓர் இழை தாண்டினால் நிரல் என்ன செய்யும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

எல்லை சரியாக இருந்தும் போதாத இடங்கள் உண்டு. மேட்டூரைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. 'பாசன மாதமா' என்ற சோதனைக்குள் மாத எண் 6 முதல் 12 வரை, அல்லது 1. இதை ஒரே வரம்பாகச் சொல்லச் சொன்னால் 1 முதல் 12 வரை என்றுதான் சொல்ல முடியும், அதாவது ஒன்றுமே சொல்லவில்லை. ஜிசிசி கம்பைலர் இப்போது துண்டுதுண்டான வரம்புகளைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. 1 ஒரு துண்டு, 6–12 இன்னொரு துண்டு. அந்தக் கிளைக்குள் யாராவது 'ஏப்ரலா?' என்று கேட்டால் இல்லை என்று உடனே தெரியும்.

நெல் மூட்டையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. மொத்த எடை எப்போதும் 40-இன் மடங்கு. 40 எட்டால் வகுபடும், ஆகவே எடையை இருமத்தில் எழுதினால் கடைசி மூன்று பிட்டும் எப்போதும் 0. '0 முதல் 40,000 வரை' என்ற வரம்புக்கு இந்தச் செய்தி தெரியவே தெரியாது. அதனால் நல்ல கம்பைலர்கள் வரம்போடு கூடப் பிட்டுக் கணக்கும் வைத்திருக்கின்றன. இந்தப் பிட் நிச்சயம் 0, இது நிச்சயம் 1, இது தெரியாது. ஒன்றுக்குத் தெரியாததை மற்றது சொல்லிக்கொடுக்கும்.

ஜிசிசியில் வரம்பு ஆய்வு 2006-இல் வந்த 4.1 பதிப்பில் சேர்ந்தது. பாட்டர்சன் என்பவரின் 1995-ஆம் ஆண்டுக் கட்டுரைதான் அதற்கு அடிப்படை. நிரலின் தலையிலிருந்து கால்வரை எல்லா மாறிகளுக்கும் வரம்பைத் தள்ளிக்கொண்டே போகும் முறை அது. மேட்டூரைத் திறந்துவிட்டுத் தண்ணீர் எங்கெங்கே போகிறதோ போகட்டும் என்பது மாதிரி. பிறகு ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆண்ட்ரூ மெக்லியோட், ஆல்டி ஹெர்னாண்டஸ் இருவரும் அதைத் திருப்பிப்போட்டார்கள். அவர்களுடைய 'ரேஞ்சர்' கடைமடையிலிருந்து கேள்வி கேட்கிறது. இந்த வரியில் இந்த மாறிக்கு என்ன வரம்பு? அதைச் சொல்ல மேலே எந்தச் சோதனை வேண்டும்? அதற்கும் மேலே? தேவையான வாய்க்கால்களில் மட்டும் ஏறிப்போய் விடையோடு இறங்குகிறது, விடையை எழுதியும் வைத்துக்கொள்கிறது. 2022-இல் வந்த 12-ஆம் பதிப்பில் இது முக்கிய இடத்துக்கு வந்துவிட்டது. கேட்டால் மட்டும் தேடு என்ற யோசனை புதிதன்று. ஜாவாவின் அட்டவணைச் சோதனைகளை நீக்க போதிக், ராஜீவ் குப்தா, விவேக் சர்க்கார் மூவரும் 2000-இலேயே அந்த வழியில் போயிருக்கிறார்கள்.

வரம்பு ஆய்வே பிசகினால் என்ன ஆகும்? லினக்ஸ் கருவுக்குள் வெளியார் எழுதிய சிறு நிரல்களை ஓடவிடும் வசதி ஒன்று உண்டு, பெயர் இபிபிஎஃப். ஓடவிடுமுன் ஒரு சரிபார்ப்பான் ஒவ்வொரு எண்ணுக்கும் வரம்பு பார்த்து, நினைவகத்தின் எல்லை தாண்டாது என்று உறுதி செய்துகொள்ளும். அதன் வரம்பு ஆய்வை இன்னும் துல்லியமாக்க 5.5 பதிப்பில் ஒரு மேம்பாடு சேர்த்தார்கள். 32 பிட் ஒப்பீடுகளுக்குப் பிறகு வரம்பை மேலும் குறுக்குவது நோக்கம். குறுக்கியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. எண் உண்மையில் இருக்கக்கூடிய இடத்தையே வரம்புக்கு வெளியே தள்ளியது. 2020 மார்ச்சில் பவுன்டுஓன் போட்டியில் மான்ஃப்ரெட் பால் அந்த ஓட்டை வழியாக நுழைந்து இயங்குதளத்தின் முழு அதிகாரத்தையும் பிடித்துக்காட்டினார். சேர்த்த மேம்பாட்டை அப்படியே திரும்பப் பெற்றார்கள்.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹரிசங்கர் விஸ்வநாதன், மட்டான் ஷாக்னாய், ஸ்ரீநிவாஸ் நாராயணா, சந்தோஷ் நாகரகட்டே ஆகியோர் அதே சரிபார்ப்பானின் பிட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். கூட்டலும் கழித்தலும் எந்த அளவு எண்ணுக்கும் பிழையில்லாதவை என்று கணித முறையில் நிறுவினார்கள். பெருக்கலுக்கு மட்டும் புதிய வழிமுறை எழுதினார்கள். பழையதைவிடத் துல்லியமானது, வேகமானது, சரியென்ற நிரூபணமும் உள்ளது. லினக்ஸ் அதை ஏற்றுக்கொண்டது. அடுத்து அவர்கள் குழு செய்த கருவி, லினக்ஸின் வெவ்வேறு பதிப்புகளில் உள்ள வரம்பு ஆய்வையே எடுத்துச் சரிபார்க்கிறது.

இதுவரை எல்லாம் முழு எண்களின் கதை. மேட்டூர் மட்டத்தை நாளிதழ்கள் 119.41 என்று புள்ளி வைத்துத்தான் போடுகின்றன. புள்ளி வந்தால் ஜிசிசி 13-ஆம் பதிப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன் என்பது அடுத்த வாரம்.