அடுப்பேறாத சமையல்

பழனி பஞ்சாமிர்தம் அடுப்பைப் பார்க்காத பண்டம். மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், கூடவே கொட்டை நீக்கிய பேரீச்சையும் கற்கண்டும். மரபான செய்முறையில் இவற்றைச் சேர்த்துப் பிசைந்தால் வேலை முடிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது என்பது மட்டும் கறாரான விதி. கெடாமலிருக்க மருந்து எதுவும் சேர்ப்பதில்லை. ஆனாலும் டப்பாவில் பல நாள் தாங்குகிறது. அதே வாழைப்பழத்தை மட்டும் பிசைந்து ஒரு கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கறுக்கும், மறுநாள் புளித்த வாடை அடிக்கும்.

வித்தியாசம் சர்க்கரையில் இருக்கிறது. பழத்திலுள்ள தண்ணீரைச் சர்க்கரை இறுகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் கூழில் விழுந்த பாக்டீரியாவுக்குச் சுற்றிலும் ஈரம் இருக்கும், ஆனால் குடிக்க ஒரு துளி கிடைக்காது. போதாக்குறைக்கு அதன் உடம்பிலிருக்கும் தண்ணீரும் சவ்வூடு பரவலால் வெளியே இழுக்கப்பட்டுவிடும். உணவில் இப்படிக் கட்டுப்படாமல் எஞ்சியிருக்கும் நீரை அளக்க உணவியலாளர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு 1, தேனுக்கு ஏறத்தாழ 0.6. நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.9-க்குக் கீழே பெருக முடியாமல் முடங்கிவிடும். தண்ணீர் சேர்க்காதே என்ற விதிக்கு இதுதான் கணக்கு. பழத்தேர்விலும் இதே கணக்கு உண்டு. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகும் வழியிலுள்ள விருப்பாட்சியின் பெயரைத் தாங்கிய மலைவாழை, ஈரப்பசை குறைந்த ரகம். பிசைந்தால் நீர்த்துப் போகாது. முடிக்கொத்து நோய் அந்த வாழையைப் பல தோட்டங்களிலிருந்து துடைத்தே எடுத்துவிட்டது. விருப்பாட்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் முன்பே புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. 2019-ல் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது.

சமைக்காத உணவு என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான். தீ செய்ய வேண்டிய வேலையை அங்கே வேறொன்று செய்து முடித்திருக்கும். பஞ்சாமிர்தத்தில் சர்க்கரைக்கு முன்பே பழுத்தல் என்ற வேலை நடந்தாகிவிட்டது. வாழைக்காயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்டார்ச். அதைப் பச்சையாகத் தின்றால் நம் குடலின் நொதிகள் திணறும். காய் தானே எத்திலீன் வாயுவை வெளிவிட்டுப் பழுக்கத் தொடங்கியதும் அந்த ஸ்டார்ச் சர்க்கரையாக உடைகிறது. நன்றாகப் பழுத்த பழத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். வாழைக்காயை நாம் வறுக்கிறோம், பழத்தை உரித்துத் தின்கிறோம் என்பதன் பின்னணி இது.

திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயிலில் மாசித் திருவிழா வந்தால் மாவிளக்கு வந்துவிடும். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் இடித்து, வெல்லமும் ஏலக்காயும் சுக்கும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய்த்திரி போடுவார்கள். உணவின் நடுவிலேயே தீ எரிகிறது, ஆனால் மாவு வேகாது! வேகாத அரிசி செரிக்குமா என்று கேட்கலாம். ஸ்டார்ச் துகள்கள் இறுக அடுக்கிய பொட்டலங்கள்; தண்ணீரோடு சேர்ந்து 70 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பிப் பிளக்கும். உலக்கை அதையே முரட்டுத்தனமாகச் செய்கிறது. இடிபட்டு உடைந்த துகள்களுக்குள் நம் எச்சிலின் அமைலேஸ் நொதி நுழைந்துவிட முடியும். தவிர, தானிய ஸ்டார்ச் பச்சையாக இருந்தாலும் மெதுவாகச் செரிக்கக்கூடியது. உருளைக்கிழங்கு, வாழைக்காய் ஸ்டார்ச் அப்படியல்ல. மாவிளக்கு ஓர் உருண்டைக்குச் சரி. அதையே மூன்று வேளையும் சாப்பிட எந்த அம்மனும் கேட்கவில்லை.

வீட்டில் அவசரத்துக்கு அடுப்பில்லாமல் ஒரு வேளையை ஒப்பேற்ற நினைப்பவர்கள் முதலில் தேடுவது அவல் டப்பாவை. மெல்லிய அவல் என்றால் அலசி வடித்தால் போதும். கெட்டி அவல் கால் மணி நேரம் ஊற வேண்டும். தேங்காய்த் துருவலும் நாட்டுச்சர்க்கரையும் வாழைப்பழமும் போட்டால் இனிப்பு. எலுமிச்சை பிழிந்து, கேரட் துருவி, சின்ன வெங்காயம், கொத்தமல்லி, உப்பு சேர்த்தால் காரசாரம். தாளிக்காவிட்டால் குடிமுழுகிப் போகாது. ஆனால் இதை இயற்கை உணவு என்று மார்தட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு தட்டித்தான் அவல் ஆகிறது. நம் வீட்டில் எரியாத அடுப்பு ஆலையில் எரிந்திருக்கிறது. பச்சரிசியைக் கால் மணி நேரம் ஊறவைத்து மென்று பார்த்தால் தெரியும்.

முளைகட்டிய பச்சைப்பயறு அப்படி யார் அடுப்பையும் கடன் வாங்குவதில்லை. இரவு ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் துணியின் கண்களைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். அவிழ்க்கும்போது மூட்டை கைக்கு லேசாகக் கதகதப்பாக இருக்கும். உள்ளே பயறு மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. வயிற்றில் வாயு உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளை விதை தன் தேவைக்கே உடைத்துச் செலவழிக்கிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. காய்ந்த பயறில் பெயருக்குக்கூட இல்லாத வைட்டமின் சி புதிதாக உருவாகிறது: 100 கிராம் முளையில் சுமார் 13 மில்லிகிராம். நெல்லிக்காயின் முன் இது ஒன்றுமே இல்லை. ஆனால் நெல்லிக்காய் கிடைக்காத இடத்தில்? முதல் உலகப்போரில் மெசபடோமியா போர்முனையில் இந்தியச் சிப்பாய்கள் ஸ்கர்வியால் ஈறு வீங்கிப் படுத்தார்கள். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் விலங்குகளில் சோதித்துப் பார்த்து, காய்கறி கிடைக்காத இடத்தில் பயறை முளைகட்டிக் கொடுங்கள் என்று பரிந்துரைத்தார்கள். மூட்டையில் சுமந்து போகலாம், கெடாது, தண்ணீர் தெளித்தால் இரண்டு நாளில் மருந்து தயார்.

இனி கத்தி. திண்டுக்கல்லில் சீரகச் சம்பா பிரியாணித் தட்டில் அடுப்பேறாதது ஒன்று உண்டென்றால் அது தயிர் வெங்காயம். முழு வெங்காயத்துக்கு வாசனை பெரிதாக இல்லை. அதன் செல்லில் ஓர் அறையில் கந்தகச் சேர்மம், பக்கத்து அறையில் அல்லினேஸ் நொதி. இரண்டும் சந்திப்பதே இல்லை. கத்தி இறங்கியதும் சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அதில் பிறக்கும் பொருளை இன்னொரு நொதி கண்ணை எரிக்கும் வாயுவாக மாற்றுகிறது. அந்த இரண்டாவது நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-ல்தான் கண்டுபிடித்தார்கள். 2013-ல் அவர்களுக்கு நோபலைக் கேலி செய்யும் இக் நோபல் பரிசு கிடைத்தது. முழு வெங்காயத்தை அவித்துவிட்டு நறுக்கினால் நொதிகள் செத்திருக்கும், கண்ணீர் வராது. பச்சை வெங்காயத்தின் அந்தக் காரமும் வராது. ஒட்டன்சத்திரம் பக்கத்து முருங்கைக் கீரையைப் பச்சையாக மென்றால் நாக்கில் ஏறும் கடுகுக் காரமும் இதே தந்திரம்தான், சேர்மங்கள் மட்டும் வேறு.

கேரட் விஷயத்தில் தீர்ப்பு மாறுகிறது. அதன் பீட்டா கரோட்டின் செல்சுவருக்குள் பூட்டிக் கிடக்கிறது. வேகவைத்தால் சுவர் இளகி உடம்பில் கூடுதலாகச் சேரும். பச்சையாகத்தான் வேண்டுமென்றால் துண்டு போடுவதைவிடத் துருவுவது மேல். மேலே தேங்காய்த் துருவல் தூவினால் இன்னும் மேல், ஏனென்றால் கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். தக்காளியின் லைக்கோப்பீனுக்கும் சூடு நல்லது. வைட்டமின் சி-க்குச் சூடு எமன். கொதிக்கும் தண்ணீரில் பாதி கரைந்தே போய்விடும். பச்சைதான் உசத்தி என்று ஒரே போடாகப் போடுகிறவர்கள் எந்தச் சத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் தேங்காயும் பழமுமே போதும் என்ற வழியைப் பலருக்குக் காட்டியது அம்பாசமுத்திரம் பக்கத்து சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமம். அதற்கும் வெகு முன்பே காந்தி சமைக்காத உணவை முயன்றார். 1929-ல் ராஜமுந்திரி சுந்தரம் கோபாலராவின் பேச்சில் நம்பிக்கை வைத்து முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன் என்று இறங்கினார். தம் பத்திரிகையான ‘யங் இந்தியா’வில் முன்னேற்றத்தையும் எழுதினார். சில மாதங்களில் உடல் தளர்ந்து, வயிற்றுக்கடுப்பு வந்து, ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். அதையும் மறைக்காமல் எழுதினார். எனக்கு இதுதான் பிடித்த பகுதி. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்டகாலம் பச்சை உணவே சாப்பிட்டவர்கள் 500-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 1999-ல் வெளியிட்ட முடிவும் யோசிக்க வைப்பது. எடை வெகுவாகக் குறைந்திருந்தது. 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு மாதவிலக்கு தடைப்பட்டோ நின்றோ போயிருந்தது. ஒரு வேளை என்பது வேறு, ஆயுள் முழுக்க என்பது வேறு.

சிலவற்றில் தீக்கு மாற்றே கிடையாது. கருணைக்கிழங்கைப் பச்சையாகக் கடித்தால் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் தொண்டையைக் குத்தும். மரவள்ளியைக் கடிக்கும்போது அதன் லினமாரினிலிருந்து சயனைடு பிரியும். ராஜ்மாவில் உள்ள லெக்டினும் மோசம்; நான்கைந்து பச்சைக் கொட்டை போதும், வாந்தி எடுக்க வைத்துவிடும். பச்சைப்பயறை முளைகட்டினோமே, ராஜ்மாவையும் கட்டலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். தேன் விஷயத்திலும் ஒன்று. அதில் கிளாஸ்ட்ரிடியம் வித்துக்கள் உறங்கிக் கிடக்கலாம். பெரியவர்கள் வயிறு அவற்றைச் சமாளிக்கும், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடல் சமாளிக்காது. பஞ்சாமிர்தத்தைக் கைக்குழந்தையின் நாக்கில் தொட்டு வைக்கும் பாட்டிகளிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

முளைகட்டிய பயறுக்கும் எச்சரிக்கை உண்டு. விதைக்குப் பிடித்த ஈரமும் கதகதப்பும் பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயம் வழியே பரவிய ஈ. கோலை ஏறத்தாழ 4,000 பேரைப் படுக்கவைத்தது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். திண்டுக்கல்லின் சித்திரை வெயிலில் மூட்டையை இரண்டு நாள் தொங்கவிடுவது விஷப்பரீட்சை. பயறை நன்றாகக் கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஊறவைத்து, துணியைக் கொதிநீரில் அலசி, வேர் எட்டிப் பார்த்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றி அன்றே தின்றுவிட வேண்டும். வழவழப்போ வாடையோ வந்தால் குப்பைக்கு. கர்ப்பிணிகளும் முதியவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் இட்லிப் பானையில் சில நிமிடம் நன்றாக ஆவி காட்டிவிடலாம். வைட்டமின் சி கொஞ்சம் போகும், போகட்டும். ஓர் எலுமிச்சையை மேலே பிழிந்துகொள்ளலாம்.