சித்திரைக்கு முன் ஒரு கணக்கெடுப்பு

பங்குனி பிறந்துவிட்டால் நமக்கு ஓய்வு என்பது இல்லை. மார்ச்சு 31-ஆம் தேதியோடு சங்கங்களின் கணக்காண்டு முடிவடைகின்றது. கையிருப்பை எண்ணுதல், நூலிருப்பை நிறுத்தல், துணியிருப்பைச் சரிபார்த்தல், தவணை கடந்த கடன்களுக்குப் பட்டியல் எழுதுதல் என்று ஊர் ஊராய்ச் செல்ல வேண்டியவர்களாக இருக்கின்றோம். அவ்வலுவல் முடிந்த இரண்டு வாரத்திற்குள் சித்திரையும் பிறந்துவிடுகின்றது. பழைய கணக்கு முடிவதும் புதிய ஆண்டு பிறப்பதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்வது நமக்கு ஒரு நல்வாய்ப்பு என்றே கருதுகின்றோம். சங்கத்தின் ஐந்தொகையைப் பார்த்த கண்ணோடு அவரவர் வீட்டு ஐந்தொகையையும் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

புத்தாண்டு அன்று உறுதி எடுத்துக்கொள்ளாதார் அரியர். புகையிலையை விட்டொழிப்பேன், கடன் வாங்கேன், மாதந்தோறும் சேமிப்பேன், வரவு செலவு எழுதுவேன் என்று நம்மில் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றைச் சொல்லிக்கொள்கின்றோம். வைகாசி வருவதற்குள் அவற்றுட் பல மறைந்துவிடுகின்றன. மறைந்ததற்குக் காரணம் மனவுறுதி போதாமையே என்று நாமே நம்மை நொந்துகொள்கின்றோம். பல ஆண்டுகள் பல சங்கங்களின் ஏடுகளைப் புரட்டிய அனுபவத்தில், காரணம் பெரும்பாலும் அதுவன்று என்று சொல்லத் துணிகின்றோம்.

மாதம் ஆயிரம் ரூபாய்

நமது எல்லைக்குட்பட்ட நெசவாளர் சங்கம் ஒன்றில், ஐம்பது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர் உள்ளார். கைத்திறம் மிக்கவர், வீண்செலவு அறியாதவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை முதல் நாளில், மாதம் ஆயிரம் ரூபாய் சேமிப்பதென்று அவர் உறுதி பூண்டார். சித்திரையில் ஆயிரம் சேர்ந்தது. வைகாசியில் சேரவில்லை. ஆனியில் அதைப்பற்றிய பேச்சே எழவில்லை.

ஐப்பசி மழை வந்தது. குழித்தறியில் வேலை செய்வோர்க்கு அம்மழையின் பொருள் தெரியும். குழியில் நீர் ஊறும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சியேற்ற வெயில் இராது. நூல் ஈரம் வாங்கும், இழை அறும். தறி நின்றால் கூலியும் நிற்கும். மூன்று வாரம் அவர் தறி நின்றது. நான்காம் வாரம் தம் மனைவியாரின் காதுத்தோட்டை எடுத்துக்கொண்டு தனியார் ஒருவரிடம் சென்றார். அவ்வாண்டு தை பிறந்த பின்னரும் அத்தோடு திரும்பவில்லை.

நாம் ஆய்வுக்குச் சென்றபோது அவர் நம்மிடம், "ஐயா, எனக்கு வைராக்கியம் போதவில்லை" என்றார். அவருடைய கூலிப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். மாதந்தோறும் ஒரே அளவாய் அவருக்குப் பணம் வருவதே இல்லை. சேலையை அறுத்துக் கொணர்ந்து ஒப்படைக்கும் நாளில் கூலி வருகின்றது. ஒரு மாதம் நான்கு முறை. ஒரு மாதம் இரண்டு முறை. மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும் ஓர் உறுதியை அவர் தமக்கு எடுத்துக்கொண்டார். மாதம் என்பது அவருடைய வாழ்வில் நாட்காட்டியில் மட்டுமே இருந்தது. பணம் சேலையோடு வந்து சேலையோடு சென்றது. வைராக்கியத்தில் குறை ஒன்றும் இல்லை. அதைக் கட்டிவைப்பதற்கு ஒரு முளைதான் இல்லை.

கூலி நாளில் ஐம்பது

அதே தெருவில் தார் சுற்றிப் பிழைக்கும் அம்மையார் ஒருவர் இருக்கின்றார். வருவாய் மிகச் சிறிது. வாரக் கூலியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியில், கூட்டுறவுக் கடன் சங்கத்தின் படியேறி 50 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் கட்டிவிட்டுத்தான் அரிசிக் கடைக்குச் செல்வார். சித்திரை முதல் ஐப்பசி வரை 26 வாரம். அவற்றுள் மூன்று வாரம் கட்டவில்லை. ஒரு வாரம் காய்ச்சல், இரண்டு வாரம் கூலியே இல்லை. எஞ்சிய 23 வாரத்திற்கு 1,150 ரூபாய் அவருடைய பாஸ்புத்தகத்தில் இருந்தது.

அது பெருந்தொகையன்று; மழைக்காலம் முழுவதையும் அது தாங்கவும் இல்லை. ஆயினும் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்குமாக யாருடைய வாயிலிலும் நிற்காமல் முதல் சில வாரங்களை அவர் கடந்துவிட்டார். "அம்மா, மூன்று வாரம் விட்டுப்போயும் எப்படித் தொடர்ந்தீர்கள்?" என்று வினவினோம். "விட்டது விட்டதுதானே, ஐயா. அடுத்த கூலிக்கு அந்த வழியாகத்தானே வரவேண்டும்?" என்றார். பழக்கத்தைப் பற்றி நாம் படித்த நூல்கள் பலவற்றைவிட இவ்விடை தெளிவாக இருந்தது.

பாவு பிணைக்கும் முறை

நெசவாளப் பெருமக்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டுவதில்லை. ஒரு பாவு முடியும் தறுவாயில் அதை அடியோடு உருவி எறிந்துவிட்டுப் புதுப்பாவின் ஒவ்வோர் இழையையும் விழுதிலும் அச்சிலும் மீண்டும் கோக்க யாரும் முற்படுவதில்லை. பழம்பாவின் இழைமுனைகளை விட்டுவைத்து, அவற்றோடு புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாய்ப் பிணைக்கின்றோம். பிணைத்தபின் இழுத்தால் புதியது பழையதன் வழியே தானாக வந்து சேருகின்றது.

நற்பழக்கமும் அவ்வாறே. வெறுவெளியில் அதனைத் தொடங்கினால் நிலைபெறுவது கடினம். நாள்தோறும் தவறாமல் நாம் செய்து வரும் ஒரு செயலின் முனையில் அதனைப் பிணைத்துவிட வேண்டும். கூலி வாங்கும் செயலோடு சேமிப்பு; இரவு உணவுக்குப் பின் கை கழுவும் செயலோடு செலவுக் கணக்கு; காலையில் தறியில் அமருமுன் அச்சையும் நாடாவையும் துடைத்தல். இவ்வாறு எதன் பின் எது என்று தீர்மானித்துவிட்டால், நினைவூட்டும் வேலையைப் பழைய பழக்கமே ஏற்றுக்கொள்ளும்.

பழக்கம் வேரூன்ற எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்கலாம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் 96 பேரிடம் இதனைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டனர். உண்ணல், பருகல், நடத்தல் போன்ற சிறு செயல் ஒன்றை ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒரு குறித்த தருணத்தில் செய்து வந்தனர். அது முயற்சியின்றித் தானே நிகழும் நிலையை எய்த நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. விரைவில் எய்தியவர்க்கு 18 நாள். மிகத் தாமதித்தவர்க்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டனர். இடையில் ஒரு நாள் தவறியதனால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். சித்திரை முதல் நாளில் தொடங்கினால் 66 நாள் என்பது ஆனி முதல் வாரம் வரை செல்லும். ஆகவே வைகாசியில் ஒன்று கடினமாய்த் தோன்றினால் அது தோல்விக்கு அறிகுறியன்று. பாவு இன்னும் முழுதும் ஓடவில்லை என்பதே பொருள்.

உழவர்க்கு ஒரு சொல்

சித்திரையில் பொன்னேர் பூட்டும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. அந்நாளில் ஏர் பூட்டிய உழவர், அன்றோடு உழவு முடிந்துவிட்டதென எண்ணுவதில்லை. அது தொடக்கம் மட்டுமே. உறுதிமொழியையும் அவ்வாறே கருதுதல் வேண்டும்.

"இவ்வாண்டு இலாபம் காண வேண்டும்" என்று சொல்லும் உழவரிடம், சென்ற ஆண்டு ஏக்கருக்கு ஆன செலவு எவ்வளவு என்று கேட்டால், பலரால் விடை கூற இயலுவதில்லை. விதை, உரம், ஆட்கூலி, டிராக்டர் வாடகை ஆகியவை தனித்தனியே நினைவிருக்கும், மொத்தம் தெரியாது. செலவு தெரியாதவருக்கு இலாபம் தெரிய வழியில்லை. தெரியாத ஒன்றை இலக்காக வைத்து எய்துவது எங்ஙனம்? தினசரி நாட்காட்டியில் கிழிக்கும் தாளின் பின்புறமே போதும். அன்றன்று வயலுக்குச் சென்ற செலவை அதில் எழுதி ஒரு கம்பியில் கோத்து வந்தால், அறுவடை நாளில் அது ஒரு கணக்கேடாகிவிடும்.

மற்றொன்று, பயிர்க்கடன் தவணை. தமிழகத்தில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோர் வட்டி செலுத்த வேண்டுவதில்லை. அவ்வட்டியை அரசு ஏற்கின்றது. நாமறிந்த ஓர் உழவர் நெல் விற்ற பணத்தை வீட்டில் வைத்திருந்தார். தவணைக்கு இன்னும் நாளிருக்கிறது என்ற எண்ணத்தில் மைத்துனர் வீட்டுத் திருமணத்திற்கு அதில் ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்து சேர்வதற்குள் தவணை 11 நாள் கடந்துவிட்டது. சலுகை கைநழுவிற்று. அவர் ஏமாற்றுபவரும் அல்லர்; சோம்பேறியும் அல்லர். நெல் விற்ற அன்றே சங்கத்திற்குச் செல்வது என்ற பழக்கம் அவரிடம் இல்லை, அவ்வளவே. சித்திரை முதல் நாள் புது நாட்காட்டியை மாட்டும்போதே தவணை நாளுக்குச் சிவப்பு மையிற் கட்டம் போட்டு, அதற்கு ஒரு மாதம் முன்னதாக மற்றொரு கட்டமும் போட்டு வைக்குமாறு வேண்டுகின்றோம்.

நமது தவறு

பிறர்க்கு உபதேசிக்குமுன் நமது குறையையும் சொல்லிவிடுதல் முறை. அலுவலில் சேர்ந்த தொடக்கத்தில், அன்றாட ஆய்வுக் குறிப்பை அன்றிரவே எழுதுவதென்று ஒவ்வொரு சனவரியிலும் உறுதி கொள்வோம். பொங்கல் வரை எழுதுவோம். பின்னர் மாத முடிவில் நினைவிலிருந்து நிரப்புவோம். ஒரு சங்கத்தில் ரொக்கம் குறைவதாகப் புகார் எழுந்தது. "இன்ன தேதியில் ஆய்வாளர் வந்து எண்ணினார், அப்போது சரியாகவே இருந்தது" என்று அங்கிருந்த எழுத்தர் சொன்னார். அவர் சொன்னது உண்மை என்று நம் உள்மனம் சொல்லிற்று. ஆனால் எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்பதை நம்மால் உறுதி கூற இயலவில்லை. நம் குறிப்பில் அந்த வாரம் வெற்றுத்தாளாய் இருந்தது. நேர்மையான அந்த இளைஞர் நான்கு மாதம் ஐயத்திற்கு ஆளாகியிருந்து, பிறகே விடுபட்டார். அந்நான்கு மாதத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க நம்மால் ஆகாது.

அதன் பின்னர் 'இரவில் எழுதுவோம்' என்பதைக் கைவிட்டோம். ரொக்கப் பெட்டி பூட்டப்பட்டதும், சங்கத்தின் படியிறங்குமுன், நின்றபடியே மூன்று வரி எழுதிவிடுகின்றோம். தேதி, தொகை, கையொப்பம். இப்போது அது நம்மை அறியாமலே நிகழ்கின்றது.

இராச்டேல் காட்டிய வழி

கூட்டுறவின் வரலாறே இதற்குச் சான்று. இங்கிலாந்தில் இராச்டேல் நகரத்து உழைப்பாளிகள் 28 பேர், அவர்களுள் நெசவாளர்களும் இருந்தனர், வாரந்தோறும் சில பென்சுகளாகச் சேர்த்து 28 பவுன் மூலதனம் திரட்டினர். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி மாலை, புத்தாண்டுக்குப் பதினொரு நாள் முன்னதாக, தங்கள் சிறு கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்சு மாவு, மெழுகுவத்தி ஆகியவையே அன்றைய சரக்கு. முதலில் வாரத்தில் இரு நாள் மாலை மட்டுமே கடை திறந்திருந்தது. ரொக்க விற்பனை, சரியான நிறை, வாங்கியதற்கேற்ற இலாபப் பங்கு என்னும் சில விதிகளை வாரந்தோறும் தவறாது கைக்கொண்டனர். அவர்களுடைய நோக்கங்கள் பெரியவை. வீடு கட்டவும் தொழில் தொடங்கவும் எண்ணினர். எனினும் பெரிய நோக்கத்தைச் சிறிய வாரக் கடமையோடு பிணைத்தனர். அவ்வழியைப் பின்பற்றியே 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

இலக்கு வேண்டும், அது எண்ணத்தக்கதாய் இருத்தல் வேண்டும். 'முன்னேறுவேன்' என்பதை எண்ண முடியாது. 'ஐப்பசிக்குள் ரூபாய் ஆயிரம்' என்பதை எண்ணலாம். ஆனால் இலக்கு ஆண்டுக்கு ஒரு முறையே வருவது. பழக்கம் கூலிக்குக் கூலி, நாளுக்கு நாள் வருவது. ஒன்றின்றி மற்றொன்று பயன்படாது. ஒரே ஆண்டில் பத்துப் பழக்கங்களைத் தொடங்குவதும் வேண்டா. ஒன்று போதும், அது ஊன்றிய பின் அடுத்தது.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அங்கத்தினர்க்குச் சிக்கனத்தைப் போதிப்பதோடு நில்லாது, அதற்குரிய வசதியையும் செய்து தாருங்கள். கூலி வழங்கும் நாளிலும் நேரத்திலும் கடன் சங்கத்துச் சேமிப்பு வரவைப் பெற ஏற்பாடு செய்யுங்கள். தவணை நாட்களைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வையுங்கள். சேமிக்க வரும் ஏழை அம்மையாரை 'நாளை வா' என்று திருப்பி அனுப்பாதீர்கள். அந்த ஒரு நாள், அவருடைய பழக்கத்தை அறுக்கும் கத்தியாகிவிடக் கூடும்.

முன்னர்ச் சொன்ன நெசவாள அன்பர் அடுத்த சித்திரையில் மாதக் கணக்கை விட்டுவிட்டார். ஒப்படைக்கும் ஒவ்வொரு சேலைக்கும் 60 ரூபாயைத் தம் சேமிப்புக் கணக்கிற்கு அனுப்பிவிடுமாறு சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்தார். மறு ஆண்டு பங்குனியில் நாம் சென்றபோது, அவர் கேளாமலே தம் பாஸ்புத்தகத்தை எடுத்து நீட்டினார். தொகையைப் படித்தோம். "தோடு?" என்றோம். "மீட்டாயிற்று, ஐயா, இனி அது காதிலேயே இருக்கட்டும்" என்றார்.

வருகின்ற சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கின்றது. அன்பர்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பழக்கத்தைத் தெரிந்தெடுத்து, எதன் பின் அதனைச் செய்வது என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்வார்களாக. வளர்க கூட்டுறவு!