பழுதுக்குப் பொறுமை, திருட்டுக்கு வேகம்

கிரிப்டோ வாலட்டில் பேலன்ஸ் பூஜ்யம் காட்டினால் முதலில் செய்ய வேண்டியது என்ன? எல்லையோர ஊர்களுக்கு ஒரு கையேடு

2025 மார்ச்சில் வர்க்கலையில் வெளிநாட்டவர் ஒருவரைக் கேரளப் போலீசார் கைது செய்தார்கள். ‘கரான்டெக்ஸ்’ என்ற கிரிப்டோ பரிமாற்றச் சந்தையை நடத்தியவர்களில் அவரும் ஒருவர் என்பது அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு. 2019 முதல் அந்தச் சந்தை வழியாகக் குறைந்தது 9,600 கோடி டாலர் கைமாறியதாக அமெரிக்க வழக்கு சொல்கிறது. வர்க்கலை, திருவனந்தபுரம் மாவட்டத்தின் வடபகுதி. அதே மாவட்டத்தின் தென்கோடியில்தான் பாறசாலை, இஞ்சிவிளை, காரக்கோணம், பொழியூர் என நெய்யாற்றின்கரையைச் சுற்றிய எல்லை ஊர்கள் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாட்டோடு போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், செல்போன் செயலியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் இங்கே நிறைய. கிரிப்டோ இவர்களுக்கும் தொலைவில் இல்லை.

கிரிப்டோ வாலட்டைப் பற்றிய நல்ல விளக்கங்கள் பெரும்பாலும் அந்த மூன்றாவது மொழியில்தான் கிடைக்கின்றன. அதனால் ஓர் அடிப்படை வேறுபாடு பலருக்கும் போய்ச் சேரவில்லை. வாலட்டில் வருவது பழுதாக இருக்கலாம், திருட்டாகவும் இருக்கலாம். பழுது என்றால் காசு பத்திரமாக இருக்கிறது, அவசரம் வேண்டாம். திருட்டு என்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பழுதைத் திருட்டு என்று நினைத்துப் பதறி, உதவுகிறேன் என்று வருபவரிடம் ரகசியத்தைக் கொடுக்கும்போதுதான் உண்மையான திருட்டு நடக்கிறது.

காசு செல்போனில் இல்லை

பிட்காயின் வலைப்பின்னல் 2009 ஜனவரி 3 அன்று தொடங்கியது. அன்று முதல் நடந்த ஒவ்வொரு பரிமாற்றமும் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் பதிவாகியிருக்கிறது. அப்படிப் பதிவேட்டின் பிரதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் தானே சரிபார்க்கும் கணினிதான் நோடு. நிலம் வீட்டு அலமாரியில் இருப்பதில்லை. யாருடையது என்ற விவரம் சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. காசும் அப்படித்தான். வாலட்டில் இருப்பது நாணயம் அன்று, பதிவேட்டில் உள்ள நம் பங்கைச் செலவிடக் கையெழுத்துப் போடும் ரகசிய எண். செல்போன் நெய்யாற்றில் விழுந்தாலும் காசு மூழ்காது. அந்த எண் தொலைந்தாலோ பிறர் கைக்குப் போனாலோதான் கைவிட்டுப் போகும்.

மனிதர் எழுதிவைக்க வசதியாக, அந்த எண்களுக்கெல்லாம் மூலமான ஒரு பெரிய எண்ணை 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாக மாற்றித் தருகிறார்கள். 2,048 சொற்கள் கொண்ட பொதுவான பட்டியலிலிருந்து இவை வருகின்றன. 12 சொற்களுக்குப் பின்னால் 2-இன் 128 மடி வாய்ப்புகள் உண்டு. நொடிக்கு லட்சம் கோடி வாய்ப்புகளைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தாலும், அனைத்தையும் முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப்போல 70 கோடி மடங்குக்கு மேல் ஆகும். எனவே முறையாக உருவான சொற்களை யாரும் ஊகித்துத் திருடுவதில்லை. நாமே காட்டிக் கொடுத்தால், அல்லது நம் கருவியில் புகுந்து எடுத்தால் மட்டுமே அவை போகும்.

பூஜ்யம் காட்டும் வாலட்

புதிய செல்போனில் 12 சொற்களையும் சரியாகக் கொடுத்தும் பேலன்ஸ் பூஜ்யம் என்று வருவது அடிக்கடி நடக்கும் பழுது. காரணம் பெரும்பாலும் எளிது. ஒரே சொற்களிலிருந்து கோடிக்கணக்கான முகவரிகளை உருவாக்கலாம். அவற்றை எந்த வழியில் கணக்கிடுவது என்பதில் செயலிக்குச் செயலி வேறுபாடு உண்டு. பிட்காயினில் பழைய முறை முகவரி 1 என்ற எண்ணில் தொடங்கும், இடைக்கால முறை 3-இல், புதிய முறை ‘பிசி1’ என்ற எழுத்துகளில். பழைய செயலி ஒரு முறையையும் புதிய செயலி இன்னொன்றையும் பார்த்தால் காசு கண்ணில் படாது. முன்பு காசு வாங்கிய முகவரி எப்படித் தொடங்கியது என்று பார்த்து, செயலியின் அமைப்புகளில் அந்த முறையைத் தேர்ந்தெடுத்தால் பேலன்ஸ் வந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தொடர்ந்து 20 முகவரிகள் பயன்படாமல் இருந்தால், அதற்கு மேல் எதுவும் இல்லை என்று பல வாலட்டுகள் தேடலை நிறுத்திவிடும். அந்த எண்ணிக்கையை உயர்த்தி மறுபடி தேடச் சொன்னால் போதும்.

அனுப்பிய காசு மணிக்கணக்கில் ‘பெண்டிங்’ என்று நிற்பதும் திருட்டு அன்று. பரிமாற்றக் கட்டணத்தைக் குறைவாக வைத்ததால் வரிசையில் காத்திருக்கிறது. கட்டணத்தைக் கூட்டி அதே பரிமாற்றத்தை மீண்டும் அனுப்பும் வசதி பல வாலட்டுகளில் இருக்கிறது. எதுவும் செய்யாமல் விட்டாலும், பெரும்பாலான நோடுகள் இரண்டு வாரத்தில் அதை வரிசையிலிருந்து நீக்கிவிடும். காசு நம்மிடமே நிற்கும்.

இந்தப் பழுதுகளில் எதைச் சரிசெய்யவும் 12 சொற்களை இன்னொரு மனிதரிடம் சொல்ல வேண்டிய தேவை இல்லை. டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ ‘கஸ்டமர் சப்போர்ட்’ என்று வந்து சொற்களைக் கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர்தான். இதற்கு விதிவிலக்கு கிடையாது.

இடி மழையில் ஒரு நோடு

சொந்தமாக நோடு வைப்பவர்களும் இருக்கிறார்கள். செல்போன் வாலட் வேறொருவரின் நோடைக் கேட்டுத்தான் பேலன்ஸ் சொல்கிறது. சொந்த நோடு இருந்தால் யாரையும் நம்ப வேண்டியதில்லை. இதன் அருமையை ‘எலக்ட்ரம்’ வாலட் பயன்படுத்தியவர்கள் 2018 டிசம்பரில் உணர்ந்தார்கள். திருடர்கள் தாங்களே சர்வர்களை நிறுவி, அவற்றோடு இணைந்த வாலட்டுகளின் திரையில் ‘புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று பொய்ச் செய்தி காட்டினார்கள். இறக்கியது போலிச் செயலி. 200-க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் பறிபோயின.

‘பிட்காயின் கோர்’ மென்பொருளில் முழுப் பதிவேட்டையும் வைக்க 600 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். இடம் இல்லாதவர்கள் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, பழையவற்றை நீக்கிக்கொண்டே போகும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்த ஊர்களில் நோடுக்குப் பெரிய எதிரி ஹேக்கர் அன்று, துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் பிற்பகல் இடி. நோடு பதிவேட்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் அதன் தரவுத்தளம் சிதையலாம். மறுபடி இயக்கினால் பிழை காட்டி நின்றுவிடும். இருக்கும் பதிவேட்டிலிருந்து தரவுத்தளத்தை மறுபடி கட்டும் ‘ரீஇன்டெக்ஸ்’ கட்டளை இதற்கு மருந்து. மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ ஆகும், காசுக்கு ஆபத்து இல்லை. பொறுமை இழந்து ‘எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கலாம்’ என்று முழு ஃபோல்டரையும் நீக்குவதுதான் ஆபத்து. வாலட் கோப்பும் அதே ஃபோல்டருக்குள்தான் இருக்கும். நகல் எடுக்காமல் அழித்தால் ரகசிய எண்ணும் அதோடு போய்விடும். சிறிய யுபிஎஸ் ஒன்று இந்தத் துன்பத்தைப் பெரும்பாலும் தடுக்கும். இடி முழங்கும்போது நோடை முறையாக நிறுத்திவிட்டுப் பிளக்கையும் உருவிவிடுவது அதைவிட நல்லது.

பழைய கணினிகளில் இன்னொரு பழுது வரும். மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்து தேதி பின்னுக்குப் போய்விடும். தன் கடிகாரத்தைவிட 2 மணி நேரத்துக்கு மேல் முன்னேறிய நேரம் பொறித்த பதிவுகளை நோடு ஏற்பதில்லை. எனவே உண்மையான புதிய பதிவுகளையும் மறுத்து, ஒரே இடத்தில் நிற்கும். தேதியைச் சரிசெய்தால் தானாக நகரும். பாதுகாப்புக்கு ஒரு விதி: பிற நோடுகளோடு பேசும் 8333 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கலாம், கட்டளை வாங்கும் 8332 போர்ட்டை ஒருநாளும் திறக்கக் கூடாது.

பார்க்காமல் போட்ட கையெழுத்து

இனி திருட்டு. இந்தியாவின் மிகப் பெரிய கிரிப்டோ திருட்டு 2024 ஜூலை 18 அன்று நடந்தது. ‘வசீர்எக்ஸ்’ சந்தையின் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனது. அது ஒருவர் கையெழுத்தில் திறக்கும் வாலட் அன்று. அதற்கு ஆறு கையெழுத்தாளர்கள்; அவர்களில் வசீர்எக்ஸ் நிறுவனத்தார் மூவரும், பாதுகாப்புச் சேவை தரும் வேறொரு நிறுவனமும் ஒப்புதல் தந்தால் மட்டுமே காசு நகரும். கையெழுத்துக்கு, ரகசிய எண்ணைத் தனிக் கருவியில் பூட்டிவைக்கும் ஹார்டுவேர் வாலட்டுகளையும் பயன்படுத்தினார்கள். இத்தனை இருந்தும் எப்படிப் போனது? திரையில் தெரிந்தது ஒரு பரிமாற்றம், கையெழுத்துக்குப் போனது வேறொன்று என்று வசீர்எக்ஸ் விளக்கியது. கையெழுத்துகள் விழுந்ததும் வாலட்டை இயக்கும் நிரலே திருடர்கள் வசமானது. இதைச் செய்தது வட கொரியா என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா ஆகிய மூன்று அரசுகளும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. அடுத்த மாதமே, பிப்ரவரி 21 அன்று, ‘பைபிட்’ சந்தையிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனது. அங்கும் திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்து வாங்கியது வேறு. இரண்டிலும் கணிதத்தை யாரும் உடைக்கவில்லை.

நம் செல்போனிலும் இதன் சிறு வடிவம் நடக்கிறது. காப்பி செய்த முகவரியை ஒட்டும்போது, அதைத் திருடரின் முகவரியாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. எனவே அனுப்பும் முன் முகவரியை முதலிலிருந்து கடைசி எழுத்து வரை ஒப்பிட வேண்டும். முதல் நான்கும் கடைசி நான்கும் மட்டும் போதாது. அவை பொருந்தும்படி போலி முகவரி தயாரிக்கிறார்கள். பெரிய தொகை என்றால் முதலில் சிறு தொகை அனுப்பிச் சோதிப்பது நல்ல பழக்கம். ஹார்டுவேர் வாலட் வைத்திருப்பவர்கள் கணினித் திரையை நம்பாமல் கருவியின் சிறு திரையில் தெரிவதைப் படித்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும்.

வசீர்எக்ஸ் முடங்கியபோது அதில் எக்ஸ்ஆர்பி நாணயம் வைத்திருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு, கிரிப்டோ நாணயம் சட்டப்படி ஒரு சொத்து, அதை உடைமையாக வைத்திருக்கவும் நம்பிக்கைப் பொறுப்பில் ஒப்படைக்கவும் முடியும் என்றது. முதலீட்டாளருக்கு இது பெரிய பலம். ஆனாலும் வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு கிரிப்டோவுக்குக் கிடையாது. காவல் நம் கையில்தான்.

சொற்களைக் காப்பது எப்படி?

மீட்புச் சொற்கள் எனப்படும் அந்த 12 அல்லது 24 சொற்களை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே கூட அனுப்பாதீர்கள். காகிதத்தில் எழுதி, இரண்டு இடங்களில் வையுங்கள். ஈரமும் கறையானும் உள்ள நம் வீடுகளில், எஃகுத் தகட்டில் பொறித்துவைப்பது காகிதத்தைவிட நெடுநாள் நிற்கும். ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்துகளைப் பொறித்தால் போதும்; பட்டியலில் எந்த இரு சொற்களுக்கும் அந்த நான்கும் ஒன்றாக இருக்காது.

சொற்களை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். கேட்டதைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதிவைத்தால் பின்னால் சிக்கல். கடற்கரையைக் குறிக்கும் சொல்லும் பேயைக் குறிக்கும் சொல்லும் பட்டியலில் உள்ளன. தமிழில் எழுதினால் இரண்டும் ‘கோஸ்ட்’. ‘எழுது’ என்பதற்கும் ‘சரி’ என்பதற்கும் உள்ள ஆங்கிலச் சொற்கள் இரண்டும் ‘ரைட்’. ஆனால் ஒரு சொல் மட்டும் அழிந்துபோனால் கலங்க வேண்டாம். 2,048 வாய்ப்புகளையும், இணையத் தொடர்பில்லாத கணினியில் திறந்த நிரல் ஒன்றால் சோதித்துக் கண்டுபிடிக்கலாம்.

வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கடமை உண்டு. காசு எந்த வாலட்டில் இருக்கிறது, சொற்கள் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உரியவர் இறந்தபின் வங்கியில் வாரிசுச் சான்றிதழ் காட்டலாம். தனி வாலட்டுக்கு அப்படி மனுக் கொடுக்க ஓர் அலுவலகம் இல்லை.

திருடு போனால்

சொற்கள் வெளியே தெரிந்துவிட்டன என்ற சந்தேகம் வந்தால், செயலியின் பாஸ்வேர்டை மாற்றுவதில் பயனில்லை. சொற்களை மாற்ற முடியாது. வேறொரு சுத்தமான கருவியில் புதிய வாலட் உருவாக்கி, மிஞ்சிய காசை உடனே அங்கே நகர்த்துங்கள். அடுத்து, சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். இந்த எண் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான். பரிமாற்ற அடையாள எண், திருடரின் முகவரி, நேரம் மூன்றையும் குறித்துத் தாருங்கள். வீடு பாறசாலையில், வங்கிக் கணக்கு தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளையில் என்றாலும் தயங்க வேண்டாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வழிசெய்கிறது.

போனது யுஎஸ்டிடி நாணயம் என்றால் வேகத்துக்கு இன்னும் பொருள் உண்டு. அதை வெளியிடும் ‘டெதர்’ நிறுவனத்தால் குறிப்பிட்ட முகவரியில் உள்ள நாணயத்தை முடக்க முடியும். கரான்டெக்ஸ் வாலட்டுகளில் இருந்த இரண்டரைக் கோடி டாலருக்கும் மேல் 2025 மார்ச்சில் அப்படித்தான் முடக்கப்பட்டது. பிட்காயினில் அந்த வசதி இல்லை. ‘முன்பணம் கொடுங்கள், மீட்டுத் தருகிறோம்’ என்று பிறகு வருபவர்கள் இரண்டாவது திருடர்கள்.

2025 ஆகஸ்டில் கேரளம் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்தது. செல்போனைத் திறக்கவும் வீடியோவில் பேசவும் முதியவர்களுக்குக் கற்றுத்தந்த அந்த முயற்சி பெருமைக்குரியது. அடுத்த பாடமாக எதை யாரிடமும் சொல்லக் கூடாது, எப்போது பதறக் கூடாது, எப்போது ஓட வேண்டும் என்பதைக் கற்றுத்தர வேண்டும். ஊருக்கு ஊர் நூலகமும் ‘அக்ஷயா’ இணையச் சேவை மையமும் உள்ள எல்லைக் கிராமங்களில், அந்தப் பாடத்தை மலையாளத்தோடு தமிழிலும் நடத்துவது கடினமான காரியமே அல்ல. உழைத்துச் சேர்த்த காசு ஒரு தவறான அழுத்தலில் போவதைத் தடுக்கும் அறிவு, அந்தக் காசுக்கு உரியவரின் மொழியில் அவருக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.