உரிமம் மட்டும் கையில் இருந்தால் போதுமா?

மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி எடுக்கப் போனால் முதலில் கேட்பது காப்புறுதியைத்தான். விமானத்துக்கும் காப்புறுதி உண்டு. ஆனால் அந்தக் காப்புறுதி நிறுவனம் விமானத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஓட்டப் போகிறவர் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார் என்றும் கேட்கும். விமானியாகும் ஆசையுள்ள சிடாம் கிரி, சுங்கைப் பட்டாணி வட்டார மாணவர்கள் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

2023 ஆகஸ்டு 17ஆம் நாள் நமது மாநிலத்தின் லங்காவியிலிருந்து சுபாங்கிற்கு ஒரு சிறிய ஜெட் விமானம் புறப்பட்டது. தரையிறங்கச் சற்று நேரமே இருந்தபோது ஷா ஆலம், எல்மினா அருகே சாலையில் விழுந்தது. விமானத்தில் இருந்த 8 பேரும் சாலையில் சென்ற 2 பேரும் உயிரிழந்தனர்.

அது பீச்கிராஃப்ட் பிரீமியர் 1 ரகம். ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்று பெற்றது. அதன் இறக்கைகளின் மேல் சில தகடுகள் உண்டு. விமானம் தரையைத் தொட்ட பிறகே அவற்றை உயர்த்த வேண்டும். வானில் உயர்த்தினால் விமானத்தைத் தாங்கும் விசை போய்விடும். அவை தவறுதலாக வானிலேயே உயர்த்தப்பட்டதுதான் விபத்துக்குப் பெரும்பாலும் காரணம் என்று 2024இல் வெளியான இறுதி விசாரணை அறிக்கை கூறியது. துணை விமானி அந்த ரகத்தில் முறையான பயிற்சி பெறாததையும் அது சுட்டிக்காட்டியது.

காப்புறுதி நிறுவனங்கள் அஞ்சுவது இதைத்தான். அதனால், ஒருவர் ஓட்டலாம் என்று சட்டம் அனுமதிக்கும் விமானத்திலும் இருவர் வேண்டும் என்று அவை கேட்பதுண்டு. மொத்தப் பறப்பு நேரம், அந்த ரகத்தில் பறந்த நேரம், ஆண்டுதோறும் பாவனைக் கருவியில் பயிற்சி ஆகியவற்றையும் நிபந்தனையாக வைக்கின்றன.

கட்டணமும் ஏறக்கூடும். உலகின் ஒரு மூலையில் நேரும் இழப்பு எல்லாருடைய கட்டணத்திலும் எதிரொலிக்கும். 2022இல் உக்ரேன் போர் தொடங்கியபோது, வெளிநாட்டு நிறுவனங்கள் குத்தகைக்கு விட்ட 400க்கும் மேற்பட்ட விமானங்கள் ரஷ்யாவில் சிக்கின. அந்த இழப்பீட்டு வழக்குகள் விமானக் காப்புறுதிச் சந்தையையே உலுக்கின.

சிறிய நிறுவனத்தை இது ஏன் அதிகம் வாட்டுகிறது? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கோடி ரிங்கிட் மதிப்புள்ள விமானத்துக்கு 2 விழுக்காடு கட்டணம் என்றால் ஆண்டுக்கு 2 லட்சம் ரிங்கிட். அந்த வாடகை விமானம் ஆண்டுக்கு 400 மணி நேரம் பறந்தால், மணிக்கு 500 ரிங்கிட் காப்புறுதிக்கே போகும். கட்டணம் 3 விழுக்காடானால் அது 750 ரிங்கிட். பெரிய விமான நிறுவனத்தின் விமானம் ஆண்டுக்கு 3,000 மணி நேரத்துக்கு மேலும் பறக்கும்; சுமையைப் பரவலாகப் பகிர்ந்துகொள்ளும். சிறியவருக்கு அந்த வசதி இல்லை.

இதன் விளைவு இளம் விமானிகள்மேல் விழுகிறது. அனைத்துலக விதிப்படி, வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு போதும். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியில் 150 மணி நேரமே போதும். காப்புறுதி நிறுவனம் கேட்பதோ பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு. வேலை கிடைத்தால்தான் பறப்பு நேரம் சேரும். பறப்பு நேரம் இருந்தால்தான் வேலை கிடைக்கும். இதற்கிடையே பயிற்சிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கும்.

எனவே, பயிற்சிப் பள்ளியில் சேருமுன் பெற்றோருடன் அமர்ந்து சில கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். உரிமம் பெற்ற முந்தைய மாணவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? ரகப் பயிற்சிக்குத் தனிச் செலவு எவ்வளவு? பயிற்றுநராகப் பணியாற்றி நேரம் சேர்க்க வாய்ப்பு உண்டா? வேலை கிடைக்கும்வரை கடனை யார் கட்டுவது?

வேலை கிடைத்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும். பயிற்சி பெறாத ரக விமானத்தில் "சும்மா உட்காருங்கள்" என்று யாராவது அழைத்தால், மறுக்கும் துணிவு உங்களுக்கு இருக்குமா? பறப்பு நேரம் சேரும் என்ற ஆசை அப்போது இழுக்கும். எல்மினாவில் சாலையில் போனவர்களையும் அன்று நினைத்துக்கொள்ளுங்கள்.