பாவைகளின் தெருவும் வறிய பிள்ளையின் பார்வையும்

அமெரிக்காவின் பொது ஒளிபரப்புச் சேவைக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 110 கோடி டொலரை அந்நாட்டுக் காங்கிரஸ் 2025 ஜூலையில் மீளப்பெற்றுக்கொண்டது. அந்நிதியைப் பகிர்ந்தளித்து வந்த பொது ஒளிபரப்புக் கூட்டுத்தாபனம், தனது பணிகளை முடிவுக்குக் கொண்டுவரவிருப்பதாக அடுத்த மாதமே அறிவித்தது. இத்தீர்மானம் தொடர்பாக எழுந்த வாதப்பிரதிவாதங்கள் பெரும்பாலும் செய்திகளின் பக்கச்சார்பு பற்றியனவாகவே அமைந்திருந்தன. நாம் இங்கு கவனத்திற் கொள்ள விரும்புவது செய்திகளை அல்ல. எட்டடி உயரமான மஞ்சள் நிறப் பறவையொன்றையும், குப்பைத் தொட்டிக்குள் குடியிருக்கும் பச்சை நிறச் சிடுமூஞ்சியொன்றையும், அவற்றைப் பார்ப்பதற்கென அமர்ந்திருக்கும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளையுமே ஆகும்.

'செசமி ஸ்ட்ரீட்' என்னும் பாவை நிகழ்ச்சி 1969 நவம்பர் 10ஆம் திகதி முதன்முதலாக ஒளிபரப்பாகியது. அதன் தொடக்கம் 1966இல் நியூயோர்க்கில் நடைபெற்ற ஓர் இரவு விருந்தாகும். கார்னகி நிதியத்தைச் சேர்ந்த உளவியலாளரான லொயிட் மொரிசெட், தமது மூன்று வயது மகள் அதிகாலையில் எழுந்து, நிகழ்ச்சிகள் தொடங்குமுன் திரையில் அசையாது நிற்கும் சோதனைக் கோலத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை அவ்விருந்தில் குறிப்பிட்டார். விருந்தளித்தவர் தொலைக்காட்சித் தயாரிப்பாளரான ஜோன் கான்ஸ் கூனி. வெறும் கோலத்தையே விழி அகலாது பார்க்கும் பிள்ளைக்கு இப்பெட்டி மூலம் எதையாவது கற்பிக்க முடியுமா என்ற கேள்வி அங்கு எழுந்தது.

அக்கேள்விக்குப் பின்னால் ஒரு சமூகக் கவலையும் இருந்தது. வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளை எழுத்தும் எண்ணும் ஓரளவு அறிந்தே முதலாம் வகுப்புக்குச் செல்கின்றது. வறிய பிள்ளையோ முதல் நாளிலேயே பின்தங்கி நிற்கின்றது. முன்பள்ளிகளை எங்கும் நிறுவுவதற்குப் பணமும் காலமும் வேண்டும். ஆனால் தொலைக்காட்சிப் பெட்டி வறிய வீடுகளுக்குள்ளும் ஏற்கெனவே புகுந்துவிட்டிருந்தது. எனவேதான் ஏறத்தாழ 80 இலட்சம் டொலர் திரட்டப்பட்டது. அதில் பாதியளவை மத்திய அரசும், எஞ்சியதைக் கார்னகி, போர்ட் முதலிய நிதியங்களும் வழங்கின. கதைக்களமாக மாளிகையோ மாயவனமோ தெரிவு செய்யப்படவில்லை. நகரத்து வறியோர் வாழும் தெருவொன்றே தெரிவாயிற்று. அத்தெருவின் நடுநாயகமாகக் கறுப்பினத் தம்பதியர் விளங்கினர். வெவ்வேறு இனத்தவர் ஒரே தெருவில் இயல்பாகப் பழகும் காட்சி பொறுக்காமல், மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணைக்குழு 1970இல் இந்நிகழ்ச்சியைத் தடுத்து நிறுத்தியதும், கண்டனங்கள் எழவே சில வாரங்களில் அம்முடிவைக் கைவிட்டதும் வரலாறு.

இந்நிகழ்ச்சியின் தனிச்சிறப்பு அதன் பாவைகளில் மட்டும் தங்கியிருக்கவில்லை. தயாரிப்பாளர்கள் தமது இரசனையை நம்பியிராது பிள்ளையின் கண்களையே நடுவராக ஏற்றுக்கொண்டமைதான் அதன் உண்மையான புதுமை என்பது எமது கருத்தாகும். ஆய்வுப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த எட்வேர்ட் பாமர் எளிய உபாயமொன்றைக் கையாண்டார். நிகழ்ச்சி ஓடும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகே இன்னொரு சிறு திரை வைக்கப்பட்டது. அதில் ஏழரைச் செக்கன்களுக்கு ஒரு தடவை புதுப்புது வண்ணப்படங்கள் தோன்றி மறைந்தன. பிள்ளையின் பார்வை எப்பொழுது தொலைக்காட்சியை விட்டு அப்படங்களின் பக்கம் திரும்புகின்றது என்பதை ஆய்வாளர் குறித்துக்கொண்டனர். பார்வை திரும்பிய இடங்களில் நிகழ்ச்சி தோற்றுவிட்டது என்று கொள்ளப்பட்டு, அப்பகுதிகள் திருத்தப்பட்டன அல்லது நீக்கப்பட்டன.

1969 ஜூலையில் பிலடெல்பியாவில் நடத்தப்பட்ட சோதனை ஒளிபரப்பு இதற்குத் தக்க சான்றாகும். பாவைகளும் மனிதரும் ஒரே காட்சியில் தோன்றினால் எது மெய், எது கற்பனை என்று பிள்ளைகள் குழம்புவர் என உளவியல் நிபுணர்கள் எச்சரித்திருந்தனர். அதனால் தெருக்காட்சிகளில் மனிதர் மட்டுமே தோன்றினர். பிள்ளைகளோ அக்காட்சிகள் வந்தவுடன் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினர். நிபுணர்களின் சொல்லைவிடப் பிள்ளைகளின் பார்வைக்கே மதிப்பளிக்கப்பட்டது. ஜிம் ஹென்சனின் பாவைகள் தெருவுக்கு இறங்கின. பிக் பேர்ட் என்ற பறவையும் ஒஸ்கார் என்ற சிடுமூஞ்சியும் அவ்விதம் பிறந்தவையே.

அப்பறவையை இயக்கும் முறை வியப்புக்குரியது. கரோல் ஸ்பின்னி என்னும் கலைஞர் அதன் உடலுக்குள் நின்று, வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி அலகையும் கண்களையும் அசைப்பார். வெளியே எதுவும் தெரியாது. மார்பில் கட்டப்பட்ட சிறு தொலைக்காட்சித் திரையில் தம்மையே பார்த்து நடக்க வேண்டும். இடக்கை ஒரு சிறகுக்குள் இருக்கும். மறு சிறகு தூண்டில் நரம்பொன்றினால் இதனுடன் இணைக்கப்பட்டு ஆடும். ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அவர் இப்பணியைச் செய்தார். (எல்மோ என்ற சிவப்புப் பாவையின் கீச்சுக்குரலை நாள்தோறும் கேட்க நேர்ந்த பெற்றோரின் பொறுமையும் பாராட்டுக்குரியதே.)

பிள்ளையிடம் எதைச் சொல்லலாம் என்பதிலும் இதே ஒழுங்கு பேணப்பட்டது. தெருமுனைக் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். வேறொருவரை நடிக்கவைத்திருக்கலாம், அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கூறியிருக்கலாம். தயாரிப்பாளர்கள் உண்மையைச் சொல்லவே தீர்மானித்தனர். நிபுணர்களின் ஆலோசனையுடன் உருவாகிய அக்காட்சி, பெற்றோர் வீட்டிலிருக்கும் விடுமுறை நாளான 1983 நவம்பர் 24ஆம் திகதி ஒளிபரப்பாகியது. தான் வரைந்த படங்களை அயலவர்க்குக் கொடுத்துவரும் பிக் பேர்ட், ஹூப்பரின் படத்தையும் கொடுக்கத் தேடுகின்றது. அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் சொல்கின்றனர். உறங்குகின்றார் என்றோ, பயணம் போயிருக்கின்றார் என்றோ மழுப்பவில்லை. ஏன் இப்படி நடக்க வேண்டும் என்று பறவை கேட்கும்போது, தம்மிடம் விளக்கமில்லை என்பதை அவர்கள் மறைக்கவுமில்லை.

எனினும் எல்லா உண்மைகளும் இவ்வாறு திரைக்கு வந்துவிடவில்லை. 1992இல் மணமுறிவு பற்றிய காட்சியொன்று படமாக்கப்பட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டப்பட்டது. பெற்றோரிடையே சிறு சச்சரவு வந்தாலே பிரிவுதான் என்று பல பிள்ளைகள் விளங்கிக்கொண்டன. செலவிட்ட பணத்தைப் பாராது அக்காட்சி ஒளிபரப்பாமலே கைவிடப்பட்டது. பெரியவர்களுக்குச் சரியெனப் பட்டதைப் பிள்ளை பிழையாக விளங்குமானால் பிழை பிள்ளையினுடையதன்று என்ற நிலைப்பாட்டை எத்தனை ஒளிபரப்பு நிலையங்கள் மேற்கொள்ளும்?

இனி, வறிய பிள்ளைக்கு இதனால் கிடைத்த பயன் என்ன? 1975இல் தோமஸ் குக் என்னும் ஆய்வாளரும் அவரது குழுவினரும் ஒரு சங்கடமான ஐயத்தை எழுப்பினர். வசதியுள்ள பிள்ளைகளும் இதைப் பார்ப்பதால், அவர்களுக்கும் வறிய பிள்ளைகளுக்கும் இடையிலான தூரம் குறையாமல் கூடவும் இடமுண்டு என்பதே அது. அண்மைக் காலத்தில் மெலிசா கேர்னி, பிலிப் லெவின் ஆகிய பொருளியலாளர்கள் வேறொரு வழியில் இதனை அணுகினர். 1969இல் சில ஊர்களில் இந்நிகழ்ச்சி தெளிவாகக் கிடைத்தது. வேறு சிலவற்றில் அலைவரிசையின் தன்மை காரணமாகப் படம் சரியாகக் கிடைக்கவில்லை. தெளிவாகக் கிடைத்த ஊர்களின் பிள்ளைகள் தமது வயதுக்குரிய வகுப்பில் இருக்கும் வாய்ப்புக் கூடுதலாயிருந்ததையும், ஆண் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், பின்தங்கிய பகுதிப் பிள்ளைகள் ஆகியோரிடம் இப்பயன் துலக்கமாகத் தெரிந்ததையும் அவர்கள் கண்டனர். வளர்ந்தபின் அவர்களது வருமானத்தில் அத்தகைய தெளிவான மாற்றம் புலப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் இலவசமாக வீட்டுக்கு வந்த அலைவரிசையே பயனைத் தீர்மானித்தது என்பது இதிலிருந்து புலனாகின்றது.

அந்த இலவசம்தான் படிப்படியாக ஆட்டங்கண்டது. நிதி நெருக்கடியிலிருந்த தயாரிப்பு நிறுவனம் 2015இல் எச்.பி.ஓ. என்னும் கட்டண அலைவரிசையுடன் உடன்பாடு செய்துகொண்டது. அதன்படி 2016 முதல், புதிய நிகழ்ச்சிகளைப் பணம் செலுத்துவோரின் பிள்ளைகள் முதலிற் பார்த்தனர். பொது ஒளிபரப்பை நம்பியிருந்த பிள்ளைகள் ஒன்பது மாதங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. எண்ணும் எழுத்தும் ஒன்பது மாதத்தில் பழுதாகிவிடப் போவதில்லை எனச் சமாதானம் கூறப்படலாம். ஆனால் யாருக்காக அத்தெரு அமைக்கப்பட்டதோ அப்பிள்ளை வரிசையின் பின்புறம் நிறுத்தப்பட்டதை மறுக்க முடியாது.

எச்.பி.ஓ. தரப்பு 2024 டிசம்பரில் புதிய தயாரிப்புகளிலிருந்து விலகிக்கொண்டது. 2025 மே மாதத்தில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் முன்வந்தது. இம்முறை பொது ஒளிபரப்பிலும் அதே நாளிலேயே புதிய நிகழ்ச்சிகள் வெளியாகும் என உடன்பாடு காணப்பட்டமை வரவேற்கத்தக்கது. எனவே நிகழ்ச்சி நின்றுவிடவில்லை. 56ஆவது தொடர் 2025 நவம்பர் 10ஆம் திகதி இரு வழிகளிலும் ஆரம்பமாகியது. ஆனால் நிகழ்ச்சியைக் காப்பாற்றுவது வேறு, அதனை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் உள்ளூர் நிலையத்தைக் காப்பாற்றுவது வேறு. காங்கிரஸ் மீளப்பெற்ற நிதியில் பெரும்பகுதி சென்றடைந்தது இத்தகைய நிலையங்களையே. நகரத்து நிலையங்களுக்கு நன்கொடையாளர் உள்ளனர். கிராமப்புறச் சிறு நிலையங்கள் அந்நிதியையே பெரிதும் நம்பியிருந்தன. நெட்பிளிக்ஸ் மாதக் கட்டணமும் இணைய வசதியும் உள்ள வீட்டில் மஞ்சள் பறவை தொடர்ந்து தோன்றும். கூரைமேல் அன்ரனா மட்டும் உள்ள வீட்டில், அருகிலுள்ள நிலையம் தனது மின்கட்டணத்தையும் ஊழியர் சம்பளத்தையும் செலுத்தக்கூடிய காலம் வரையில் தோன்றும்.