லோடு ஏறினால் இன்ஜின் ஏன் முக்குகிறது?

கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது என் தொழில். கரண்ட் போனதும் செட்டை ஓடவிட்டு, சேஞ்சோவர் சுவிட்சைத் தள்ளினால் இன்ஜின் ஒரு நொடி முக்கும், சைலன்சர் கரும்புகை கக்கும், பிறகு சமாளித்துக்கொள்ளும். "மிஷின் பழசாண்ணே?" என்று பெண் வீட்டார் இழுப்பார்கள். நேற்று வாங்கிய மிஷினும் முக்கத்தான் செய்யும்.

ஜெனரேட்டருக்குள்ளே சுழலும் ரோட்டர் ஒரு மின்காந்தம். அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரில் செம்புக் கம்பிச் சுருள்கள். ரோட்டரின் காந்தப்புலம் ஒரு சுருளை எவ்வளவு ஊடுருவுகிறதோ, அதுதான் காந்தப்பாயம். பாயம் எத்தனை வலுவாக இருந்தாலும், மாறாமல் நின்றால் ஒரு வோல்ட்கூட வராது. 1831-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே பார்த்தது இதைத்தான்: காந்தத்தைச் சுருளுக்குள் நுழைக்கும்போதும் உருவும்போதும் மட்டும் மீட்டர் முள் அசைந்தது. பாயம் மாறுகிற வேகமும் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கையும் சேர்ந்தே மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன.

என்னிடம் வேலை பழகும் பையன்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. காந்த முனை சுருளுக்கு நேராக வரும்போது பாயம் உச்சத்தில் இருக்கும். அழுத்தமோ அந்தக் கணத்தில் பூஜ்யம். உச்சியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லையே! வடமுனை விலகித் தென்முனை நெருங்கும் இடைவெளியில் பாயம் பூஜ்யத்தைக் கடக்கிறது. மாற்றம் அங்கேதான் வேகம்; அழுத்தமும் அங்கேதான் உச்சம். என் செட்டின் ரோட்டரில் நாலு போல், அதாவது நாலு காந்த முனை; நிமிடத்துக்கு 1500 சுற்று. அதாவது இந்த அலை நொடிக்கு 50 முறை.

சுருளில் ஓடும் கரண்ட் பற்றிய பேச்சே இதுவரை வரவில்லை, கவனித்தீர்களா? நேம் பிளேட்டில் 62.5 கேவிஏ, 415 வோல்ட், 87 ஆம்பியர் என்று அடித்திருக்கும். 87 ஆம்பியரையும் மிஷின் எந்நேரமும் தள்ளிக்கொண்டிருப்பதாகப் பலருக்கு நினைப்பு. அது தாங்கும் எல்லை, அவ்வளவுதான். அழுத்தம் மிஷின் தருவது; கரண்ட் லோடு இழுப்பது. எதையும் இணைக்காமல் ஓட்டிப் பாருங்கள்: வோல்ட் மீட்டர் 415 காட்டும், ஆம்ப் மீட்டர் பூஜ்யத்தில் கிடக்கும்.

லோடு ஏறிக் கரண்ட் ஓடத் தொடங்கியதும் ஸ்டேட்டர் சுருளும் காந்தமாகி, சுழலும் ரோட்டரை எதிர்த்துப் பிடிக்கிறது. 1834-ல் இயற்பியலாளர் லென்ஸ் சொன்ன விதி இது. முக்கலுக்குக் காரணம் இந்தப் பிடிதான். வேகம் குறையாதிருக்க கவர்னர் கூடுதல் டீசல் விடுகிறது. ஏசி, கிரைண்டர் மோட்டார்கள் இழுக்கும் கரண்ட் ரோட்டரின் பாயத்தையும் மெலிய வைப்பதால் வோல்ட் இறங்கும். வோல்ட்டைச் சீராக வைக்கும் ஏவிஆர் கருவி ரோட்டருக்குக் கூடுதல் டிசி கொடுத்து அதைத் தூக்கி நிறுத்தும்.

நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார் அந்தச் சில நொடிகளில் வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். ஆகவே மண்டபம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கரண்ட் போனதும் ஏசி, கிரைண்டர் சுவிட்சுகளை அணைத்துவிடுங்கள், செட் ஓடி நிலைத்தபின் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.