கைடில் இல்லாத கேள்வி

பொதுத்தேர்வு எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளைகளிடம் ஒவ்வோர் ஆண்டும் பள்ளி வாசலில் மைக்கை நீட்டிக் கேட்கப்படுவது ஒன்றுதான்: வினாத்தாள் எளிதா, கடினமா? பதிலும் ஆண்டுதோறும் ஒரே மாதிரிதான். பாடத்தின் பின்னால் அச்சிட்ட கேள்விகள் வந்திருந்தால் எளிது. பாடத்தின் உள்ளே புகுந்து கேட்டிருந்தால் கடினம். மறுநாள் செய்தித்தாளில் ஆசிரியர்களும் அதையே கணக்குப் போட்டுச் சொல்வார்கள்: ‘புக் பேக்’ இத்தனை, உள்ளிருந்து இத்தனை, யோசித்து எழுத வேண்டியவை இத்தனை. இந்த மூன்றாம் வகை எப்போதும் புகார்ப் பட்டியலில்தான் இடம்பெறும். மாணவர்களின் படைப்பாற்றலை எப்படி வளர்ப்பது, ஆராய்ந்து சிந்திக்கும் பழக்கத்தை எப்படி ஊட்டுவது என்று கருத்தரங்கம் நடத்துகிறவர்கள் இந்தப் புகாரிலிருந்து தொடங்குவது நல்லது. தேர்வில் பிள்ளை யோசிக்க நேர்ந்ததை அநியாயம் என்று பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து நினைக்கும் ஊரில், மீதி நாட்களில் வகுப்பறைக்குள் யோசனைக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

புதிய கற்பித்தல் முறைகளுக்குத் தமிழ்நாட்டில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் சுமார் 37,000 அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. பிள்ளைகள் தாங்களே எழுதிப் பார்க்கச் சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகை வந்தது. அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் கட்டினார்கள். ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்தார். பாட அட்டையை எடுத்து, கற்றல் ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, தன் வேகத்தில் பிள்ளை முன்னேறலாம் என்பது ஏட்டளவில் அழகான ஏற்பாடு மட்டுமில்லை. வெளிமாநிலக் கல்வியாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்ற பெயரில் இன்னொரு முறை வந்தது. மாணவர்கள் பாடத்தை வாசிப்பார்கள், மனவரைபடம் வரைவார்கள், குழுவாகத் தொகுத்து வகுப்பின் முன் எடுத்துச் சொல்வார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் செயல்பாடுகளின் வழியாகவே எழுத்தையும் கணக்கையும் கற்பிக்க முனைகிறது. பாட்டு, பொம்மலாட்டம், கதை, அட்டை என எதிலும் குறை சொல்ல முடியாது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியே குழந்தை கற்க வேண்டும் என்றும், அச்சமில்லாமல் தன் கருத்தைச் சொல்ல அதற்கு இடம் வேண்டும் என்றும் கூறுகிறது. அதையொட்டி 2012-13இல் இங்கே எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. எழுத்துத் தேர்வுக்கு 60, ஆண்டு முழுவதுமான செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40 என்று மதிப்பெண் பிரிந்தது. அந்த 40இல் செயல்பாட்டுக்குரிய பங்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள ஆய்வறிக்கை எதுவும் புரட்ட வேண்டாம். எந்த ஊரிலும் பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ஸ்டேஷனரி கடைக்குப் போனால் போதும். தலைவர்கள், பறவைகள், நீர்ச் சுழற்சி, மனித இதயம் என எல்லாமே வெட்டி ஒட்டத் தயாராகத் தாள்களில் தொங்கும். இரவு பத்து மணிக்கு அம்மா தெர்மாகோல் வெட்டுவார், அப்பா பிரவுசிங் சென்டரில் வண்ணப் பிரதி எடுப்பார், பிள்ளை தூங்கியிருக்கும். ப்ராஜெக்ட் அழகாக இருந்தால் மதிப்பெண் முழுதாக விழும். கேள்வி கேட்டு, தடுமாறி, தவறாக ஒரு பதிலை முயன்று பார்த்த பிள்ளைக்கு மதிப்பெண் போட அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில் காலெடுத்து வைத்ததும் காட்சி அடியோடு மாறும். பாயும் கம்பிப் பந்தலும் அதற்கு வெகு முன்பே காணாமல் போயிருக்கும். காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, ஒரு மதிப்பெண் வினாக்களைத் தினமும் ஒப்பித்தல், மெல்லக் கற்போருக்கு ‘மினிமம் மெட்டீரியல்’, கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சென்டம் பயிற்சி என்று பள்ளி வேறொரு நிறுவனமாகிவிடும். தேர்வு எதைக் கேட்கிறதோ அதுதான் பாடம் என்பதற்கு இங்கேயே பெரிய சான்று உண்டு. பிளஸ் ஒன் பாடத்தைப் பல பள்ளிகள் பெயருக்கு நடத்திவிட்டு, பதினோராம் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிக்கொண்டிருந்தன. அறிவுரையும் சுற்றறிக்கையும் அதை நிறுத்தவில்லை. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்ததும், அதுவரை புரட்டப்படாத பாடங்கள் திடீரென்று வகுப்பறைக்கு வந்துவிட்டன. ஒரு தேர்வு அறிவிப்பால் ஒரு முழு ஆண்டுப் பாடத்தை உயிர்ப்பிக்க முடிந்தது என்றால், நம் பள்ளிகளை நடத்தும் உண்மையான தலைமையாசிரியர் யார் என்பதில் சந்தேகம் வேண்டாம். வினாத்தாளுக்குத்தான் அந்த நாற்காலி.

அந்தத் தலைமையாசிரியரின் வலது கை கைடு. பாடநூல் வெளிவந்த சில வாரங்களில் கடைக்கு வந்துவிடும் இந்தப் புத்தகத்தைப் பற்றிக் கல்வியாளர்கள் அதிகம் பேசுவதில்லை. பேசினால் விலையைப் பற்றியோ அச்சுப் பிழையைப் பற்றியோ பேசுவார்கள். கைடு செய்யும் பெரிய சேதம் வேறு. கேள்வியும் விடையும் எப்போதும் ஜோடியாகவே வரும் என்று அது பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறது. புதிய பாடநூல்களில் ‘சிந்தனை வினா’, ‘உங்கள் கருத்தை எழுதுக’ என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். கைடு அதற்கும் விடை தருகிறது. தன் சொந்தக் கருத்து என்னவென்று ஒரு வகுப்பு முழுவதும் ஒரே சொற்களில் எழுதி, ஒரே இடத்தில் கமா போட்டு நீட்டுகிறது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில், விடை எங்கேயும் அச்சிடப்படாத கேள்வி ஒன்றைக்கூடச் சந்திக்காமல் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போய்விட முடியும். இப்போது கைடு கைப்பேசிக்குள் புகுந்து, கேட்ட நொடியில் கட்டுரையே எழுதித் தருகிறது. அச்சுக் கைடிலாவது நூறு பிள்ளைகள் எழுதியதும் ஒன்றாக இருக்கும், ஆசிரியர் கண்டுபிடித்துவிடலாம். இதில் ஆளுக்கு ஒரு விதமாக வரும் என்பதால் அதற்கும் வழியில்லை.

அச்சிடப்படாத கேள்வி என்றால் ஏதோ மேதைகளுக்கான புதிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று எந்த மாதங்களில் வீசும் என்பதும் சமூக அறிவியல் பாடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே காற்றா என்று யாராவது கேட்டிருக்கிறோமா? அதே காற்று வால்பாறையில் மழையாகக் கொட்டும்போது, அதிகத் தொலைவில் இல்லாத திருப்பூரில் ஏன் வெறும் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகிறது என்று கேட்டால், ‘மழை மறைவுப் பகுதி என்றால் என்ன?’ என்பதற்குப் பிழையில்லாமல் இரண்டு மதிப்பெண் விடை எழுதிய பிள்ளையும் விழிக்கும். மலையில் ஏறும் காற்று குளிர்ந்து நீரை இறக்கிவிடுகிறது, மறுபக்கம் இறங்கும்போது வறண்டு போகிறது என்பதை அது மனப்பாடமாக அறியும். தன் ஊர்க் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பதைத்தான் அறியாது. அந்த இணைப்பைப் போட்டுப் பார்ப்பதே சிந்தனை. அதற்கு ஸ்மார்ட் போர்டு வேண்டாம், தெர்மாகோல் வேண்டாம். ஆசிரியர் கேட்டுவிட்டுச் சற்று வாய்மூடி இருந்தால் போதும்.

அந்த வாய்மூடல்தான் கடினம் என்று ஆய்வு சொல்கிறது. 1970களில் அமெரிக்க வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தது தெரிய வந்தது. அதை மூன்று விநாடியாக நீட்டியதும் விடைகள் நீண்டன, மௌனம் குறைந்தது, மாணவர்களே கேள்வி கேட்பது கூடியது. நம் வகுப்பில் ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்விக்கு ‘புரிஞ்சுது சார்’ என்ற கோரஸ் அந்த ஒரு விநாடிக்குள்ளேயே வந்துவிடுகிறது. கல்லூரி அளவிலும் சான்று உண்டு. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரையின்படி, விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் ஏறத்தாழ 34 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்கள் பங்கெடுத்துக் கற்ற வகுப்புகளில் 22 சதவீதம். இதைவிட நமக்குத் தேவையான செய்தி 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளிலிருந்து வந்தது. தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போட்ட மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் குறைவாகக் கற்றுவிட்டு நிறைவோடு எழுந்தார்கள். ‘அந்த டீச்சர் பாடமே நடத்துவதில்லை, பிள்ளைகளையே பேசவிடுகிறார்’ என்று பெற்றோர் புகார் சொல்வது ஏன் என்பதற்கு இதில் விளக்கம் இருக்கிறது.

மனப்பாடம் இல்லாமல் சிந்தனை இல்லை என்பார்கள். சரிதான், வாய்ப்பாடு தெரியாதவன் கணக்கில் யோசிக்க முடியாது. ஆனால் வாய்ப்பாட்டோடு கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்லி யாரும் வாதாடவில்லை. இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஏழைப் பிள்ளைக்குத் தேர்வுதான் ஏணி. முகம் பார்க்காமல் மதிப்பெண் போடும் ஒரே இடம் அது. அதில் கை வைத்தால் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கே லாபம் என்பது அந்த வாதம். இட ஒதுக்கீட்டையும் மதிப்பெண்ணையும் பிடித்துக்கொண்டு தலைமுறைகள் மேலேறிய மாநிலத்தில் இதை அலட்சியப்படுத்த முடியாது. தேர்வை எடுத்துவிடச் சொன்னால் இந்த ஆட்சேபம் வெல்லும். தேர்வு இருக்கட்டும், கேள்வி மாறட்டும் என்றால் அது எதிர்த்திசையில் திரும்பிவிடுகிறது. நாலு கைடும் ரெண்டு டியூஷனும் வாங்க முடிந்த வீட்டுக்குத்தான் மனப்பாடத் தேர்வு இன்று சாதகம். ஆடிக்காற்றைப் பற்றிய கேள்விக்குக் காட்டில் வேலை செய்பவரின் மகளிடம் விடை இருக்க வாய்ப்பு அதிகம்.

தேர்வும் சிந்தனையும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கலாம். தமிழும் ஆட்சிமொழியாக உள்ள அந்த நாடு தேர்வுக் கெடுபிடிக்குப் பேர்போனது. சிந்திக்கும் பள்ளிகள் என்ற கொள்கையை 1997இல் அறிவித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாடச் சுமையைக் குறைத்து, 2023க்குள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகளைக் கைவிட்டது. ஆனால் முக்கியமான பொதுத்தேர்வுகளை வைத்துக்கொண்டது. 15 வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான பிசாவின் 2022 சுற்றில் கணிதம், அறிவியல், வாசிப்பு மூன்றிலும் முதலிடம் பெற்ற அதே பிள்ளைகள், ஆக்கச் சிந்தனைக்கான தனித்தேர்விலும் முதலிடம் பெற்றார்கள். நமக்கும் பிசாவோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பிசா 2009 சுற்றின் நீட்டிப்பில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 74 பங்கேற்பாளர்களில் இரண்டும் கடைசி வரிசையில் நின்றன. கேள்விகள் நம் சூழலுக்கு ஒவ்வாதவை என்ற விளக்கத்தோடு இந்தியா அடுத்த சுற்றுகளிலிருந்து விலகிக்கொண்டது. அந்த விளக்கத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். அன்று தேர்வெழுதிய பிள்ளைகள் செயல்வழிக் கற்றல் மாநிலமெங்கும் பரவுவதற்கு முன்பே தொடக்கப் பள்ளியைத் தாண்டியவர்கள் என்பதால், பழியை அந்த முறையின் மேல் போடவும் இயலாது. ஆனால் முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, வாசித்துக் காரணம் சொல் என்றபோது நம் பத்தாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள் திகைத்தார்கள் என்ற உண்மை அப்படியேதான் நிற்கிறது.

எனவே வகுப்பறைக்கு இன்னொரு புதிய முறையைக் கொண்டுவருவதற்கு முன், விடைத்தாள் திருத்தும் முகாமைக் கவனிக்க வேண்டும். அங்கே கையில் விடைக்குறிப்பும், எதிரே கட்டுக் கட்டாகத் தாள்களுமாக உட்காரும் ஆசிரியர், குறிப்பில் உள்ள சொல்லைத் தேடித்தான் மதிப்பெண் போட முடியும். வேறு வழியில் யோசித்த பிள்ளைக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு மறுகூட்டலிலும் மறுமதிப்பீட்டிலும் பதில் சொல்ல அவருக்குத் துணிவு வராது. அதில் அவர் தவறும் இல்லை. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் ஐந்தில் ஒரு பங்கு, எந்தக் கைடும் முன்கூட்டி அச்சிட முடியாத கேள்விகளாக இருக்க வேண்டும். அவற்றுக்கான விடைக்குறிப்பு, சரியான விடை எது என்று சொல்வதோடு நிற்காமல் ஏற்கத்தக்க காரணங்கள் எவை என்று மாதிரிகளோடு சொல்ல வேண்டும். முகாம் தொடங்கும் முன் ஒரு நாள் முழுவதும் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து அப்படிப்பட்ட விடைகளைத் திருத்திப் பழக வேண்டும். அரசு முடிவெடுக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. காலாண்டு, அரையாண்டு வினாத்தாள்கள் வெளியிலிருந்து வந்தாலும், யூனிட் டெஸ்ட்டுக்கு வினாத்தாள் எழுதுவது இன்றும் வகுப்பு ஆசிரியர்தான். தாளுக்கு ஒன்றாக, விடை தனக்கே முழுதாகத் தெரியாத ஒரு கேள்வியை அவர் சேர்க்கலாம். அதற்கு வரும் நாற்பது விதமான விடைகளை மறுநாள் வகுப்பில் வாசித்துக் காட்டி, எது தேறும், எது தேறாது, ஏன் என்று பிள்ளைகளையே வாதாடச் சொல்லலாம். அந்த ஒரு பாடவேளைக்குக் கைடு உதவாது என்று தெரிந்துவிட்டால், அடுத்த தேர்வுக்குப் பிள்ளை வேறு விதமாகத் தயாராகும்.